வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் நீங்கள், பரீட்சை எழுதும் மாணவர்களுக்காக என்னதான் செபிப்பீர்கள்? அதனால் ஏதாவது நடக்கிறதா?

நான் துறவி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தான்சானியாவில் இரிங்காவுக்கு அருகே ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஏழு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆப்பிரிக்கா என்றதும் சிங்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இது 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டு நிலம். ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் போடாமல் காலைத் திருப்பலிக்குப் போக முடியாது. ஊரிலிருந்து வரும்போது ஒரு ஸ்வெட்டர்கூட நான் எடுத்து வரவில்லை.

முதல் நாலு மாதம் விக்டோரியா ஏரிக்கரையில் மூசோமாவில் சுவாஹிலி படித்தேன். படித்து என்ன? முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து பிள்ளைகளைப் பார்த்து "ஷிகமோ" என்றேன். அது சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். வகுப்பே சிரித்தது. ஒருத்தி மட்டும் எழுந்து, பாட்டி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "மரஹபா" என்று பதில் வணக்கம் சொன்னாள்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். இங்கே ஃபார்ம் ஃபோர், அதாவது ஏழாம் வகுப்புக்கு அப்புறம் வரும் நாலாவது வருடத்தின் அரசுத் தேர்வு நவம்பரில். நடத்துவது நெக்டா என்ற தேசியத் தேர்வு வாரியம். சிறந்த ஏழு பாடங்களை எடுத்துக்கொண்டு, ஏ வாங்கினால் 1 புள்ளி, எஃப் வாங்கினால் 5 என்று கூட்டுவார்கள். ஆக, எண் குறையக் குறைய நல்லது. 7 முதல் 17 வரை முதல் டிவிஷன், 34, 35 வந்தால் டிவிஷன் ஜீரோ, அதாவது ஃபெயில். 2012-இல் எழுதியவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஜீரோ வந்து, நாடே கொதித்து, அரசாங்கம் அந்த முடிவையே ரத்து செய்து மறுபடி மதிப்பிட்டது. எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்கள் இன்றைக்கும் அந்த வருடத்தைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

முதல் வருடம் நான் செய்ததைச் சொன்னால் வெட்கம். கணக்குத் தேர்வுக்கு முந்தின இரவு முழு வகுப்பையும் சிற்றாலயத்தில் உட்கார வைத்து நள்ளிரவு வரை செபமாலை, பாட்டு, ஆராதனை. மறுநாள் தேர்வு அறையில் நாலைந்து பேர் மேசையில் சாய்ந்து தூங்கியதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் மடத்தில் இருக்கும் வயதான தான்சானியச் சகோதரி ஒருவர், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "கடவுள் தூங்க மாட்டார் சிஸ்டர். பிள்ளைகள் தூங்கணும்." அதோடு அந்த வழக்கத்தை விட்டேன். இப்போது தேர்வுக் காலத்தில் இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். அதற்கு அப்புறம் விழித்திருந்து செபிப்பது எங்கள் வேலை.

அடுத்த வருடம் ஒரு காரியம் செய்தேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, "உனக்காக என்ன கேட்கட்டும்? பேர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி" என்றேன். 43 சீட்டு வந்தது. ஒருத்தி, தேர்வு வாரத்தில் வயிற்று வலி வரக்கூடாது என்று எழுதியிருந்தாள். ஒருத்தி, அப்பா பீன்ஸ் விற்றுப் பாக்கி ஃபீஸ் கட்ட வேண்டும் என்று. ஒரு முஸ்லிம் பிள்ளை, நான் என் முறைப்படி தொழுதுகொள்கிறேன், ஆனாலும் என் பேரை விட்டுவிடாதீர்கள் என்று. "கணக்கு எப்படியும் வராது, மற்ற பாடங்களுக்குச் செபியுங்கள்" என்று கணக்கு டீச்சரிடமே எழுதிக்கொடுத்த தைரியசாலியும் உண்டு. பாதிக்கும் மேற்பட்ட சீட்டுகளில் இருந்தது ஒரே வரி: கேள்வி புரிய வேண்டும்.

இங்கே ஏழாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் எல்லாம் சுவாஹிலி. ஃபார்ம் ஒன்னில் கால் வைத்ததும் சுவாஹிலிப் பாடம் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். எனக்கு இது புதிதில்லை. பன்னிரண்டு வரை தமிழ் மீடியம் படித்துவிட்டு பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்தவள் நான். முதல் வாரம் பேராசிரியர் கரும்பலகையில் "லெட் எக்ஸ் பி" என்று எழுதியதும், "எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்கிறார் என்பது புரியாமல், எக்ஸை எதற்கு விடச் சொல்கிறார் என்று முழித்தேன். அந்தச் சீட்டுகளை பீடத்தில் வைத்துச் செபித்த மூன்றாம் நாளே, பத்து வருடக் கேள்வித்தாள்களை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். சிம்ப்ளிஃபை, டிடியூஸ், ஹென்ஸ். எண்பது சொற்கள் தேறின. தினமும் காலைக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது ஆளுக்கொரு சொல்லுக்கு சுவாஹிலியில் அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் கோப்பையை நீட்ட வேண்டும். இது செபத்தில் சேருமா, டியூஷனில் சேருமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஞாயிறுதோறும் அம்மா வாட்ஸாப்பில் வருவாள். மடத்துக்கு வந்து இருபது வருடம் ஆனாலும் அவளுக்கு நான் "ஏட்டி"தான். என் பிள்ளைகளுக்காக அவளும் செபமாலை சொல்கிறாள், ஆனால் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நேமா என்றால் அருள், உபெண்டோ என்றால் அன்பு, துமாய்னி என்றால் நம்பிக்கை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒருத்தி பெயர் மட்டும் ஷிடா. கஷ்டம் என்று அர்த்தம். வீட்டில் கஷ்டமான நேரத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைப்பதுண்டு. "எந்தத் தாயாவது இப்படி வைப்பாளா?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நம்ம ஊர்ல குப்பம்மா, பிச்சையம்மா எல்லாம் இல்லையா" என்று சமாதானமாகிவிட்டாள்.

முடிவு ஜனவரியில் இணையத்தில் வரும். தேர்வு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்பது சொற்கள் படித்த அந்த வகுப்பில் ஜீரோ யாரும் இல்லை. செபமா, சொற்களா, பிள்ளைகளின் உழைப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே செபம், அதே சொற்கள், இரண்டு பேருக்கு ஜீரோ. ஒருத்தி பெட்டியை எடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று இரவு சிற்றாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் செபம் வரவில்லை.

ஷிடா வாங்கியது 29 புள்ளி, நாலாவது டிவிஷன். மேல்படிப்புக்குப் போதாது. இப்போது அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் படிக்கிறாள். போன மாதம் அம்மாவிடம் புது வகுப்பின் பெயர்களைக் கொடுத்துவிட்டு, பழைய பட்டியலை எடுத்துவிடலாம் என்றேன்.

"எல்லாரையும் எடுத்துரு. கஷ்டம் மட்டும் இருக்கட்டும்" என்றாள் அம்மா. "தையல் பரீட்சை என்னைக்கு, அதைச் சொல்லு ஏட்டி."