எல்பிஏ பண்ண 40 பேருக்கு ட்ரெய்னிங் குடுக்கணும், எத்தனை நாள் கிளாஸ் வைக்கலாம்?

கேள்வி இதுதான்: கஸ்டமர் எல்பிஏ, அதாவது லேயர்டு ப்ராசஸ் ஆடிட் (ஒவ்வொரு மட்டத்துல இருக்கிறவங்களும் லைன்ல போய்ப் பாக்குற ஆடிட்) கட்டாயம்னு சொல்லிட்டாங்க, டீம் லீடர்ல இருந்து பிளான்ட் ஹெட் வரைக்கும் 40 பேர், இதுல பாதிப் பேரு ஆடிட்னாலே குவாலிட்டிகாரங்க வேலைன்னு ஒதுங்குறவங்க, எத்தனை நாள் கிளாஸ், என்ன நடத்தணும்.

கிளாஸ் ஒரு மணி நேரம் போதுங்க. மீதி எல்லாம் லைன்லதான்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் தடவை நான் போட்ட ட்ரெய்னிங் முழுசா ஒரு நாள், 90 ஸ்லைடு, சிக்யூஐ-8 (எல்பிஏவுக்கான வழிகாட்டி) புக் 2005ல முதல் எடிஷன் 2014ல ரெண்டாவது எடிஷன், ஐஏடிஎஃப் 16949ல (ஆட்டோமொபைல் குவாலிட்டி ஸ்டாண்டர்டு) 9.2.2.3 என்ன கேக்குது, அதுக்கும் எல்பிஏவுக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாத்தையும் ஊட்டி விட்டு கடைசியில டெஸ்ட்டும் வச்சேன், எல்லாரும் பாஸ். அடுத்த மூணு வாரம் வந்த ஷீட் அத்தனையும் 100 சதவீதம் ஓகே, நானும் பெருமையா ரிவியூ மீட்டிங்ல கிராஃப் போட்டுக் காட்டினேன். நாலாவது வாரம் கஸ்டமர்கிட்ட இருந்து கிளிப் மிஸ்ஸிங்னு கம்ப்ளெயின்ட். போய்ப் பாத்தா கிளிப் இருக்கான்னு பாக்குற சென்சாரையே யாரோ பைபாஸ் பண்ணி வச்சிருக்காங்க. செக்லிஸ்ட்ல 4வது கேள்வியே "போகா யோகே வேலை செய்யுதா"தான் (போகா யோகேன்னா தப்பு நடக்க விடாத ஏற்பாடு, இங்க அந்த சென்சார்), அதுக்கு நேரா தினமும் டிக். டிக் போட்டவர்கிட்ட எப்படிண்ணா பாத்தீங்கன்னு கேட்டேன், "பச்சை லைட் எரிஞ்சுது சார்"னாரு. அவர் பொய் சொல்லல, பைபாஸ் பண்ணா பச்சை லைட் எரியத்தானே செய்யும். கேள்விய அப்படி எழுதினதும் நான்தான், அத எப்படிப் பாக்கணும்னு காட்டாம விட்டதும் நான்தான்.

அந்தக் கேள்விய அப்புறம் இப்படி மாத்தினோம்: "கிளிப் இல்லாத மாஸ்டர் பீஸ ஃபிக்ஸ்சர்ல வச்சு ஸ்டார்ட் குடுங்க, மெஷின் ஓட மறுத்துச்சா?" இப்ப பண்ணிப் பாக்காம இதுக்கு யாரும் டிக் போட முடியாது (போடுறவன் போடுவான், அது வேற கதை). அதனால ட்ரெய்னிங்குக்கு முன்னாடி உங்க செக்லிஸ்ட்ட ஒரு தடவை படிங்க. "சரியா இருக்கா", "ஒழுங்கா பண்றாங்களா"ன்னு இருக்கிற கேள்விய வச்சுக்கிட்டு யாருக்கு என்ன சொல்லிக் குடுத்தாலும் வேலைக்கு ஆகாது. 10ல இருந்து 15 கேள்வி, 15 நிமிஷத்துல முடியணும், பிஎஃப்எம்இஏல (ப்ராசஸ்ல எது எப்படித் தப்பாகலாம்னு முன்கூட்டியே போடுற பட்டியல்) சிவியாரிட்டி, அதாவது பாதிப்பு, அதிகமா இருக்கிறதுல இருந்தும் பழைய கம்ப்ளெயின்ட்ல இருந்தும் எடுத்தது.

அந்த ஒரு மணி நேர கிளாஸ்ல நான் அழுத்திச் சொல்றது, எல்பிஏ பீஸ செக் பண்ற வேலை இல்ல, ஆபரேட்டர செக் பண்ற வேலையும் இல்ல, வேலை எப்படி நடக்கணும்னு நாம எழுதி வச்சிருக்கோமோ அப்படி இன்னைக்கு நடக்குதான்னு பாக்குறது, அவ்வளவுதான். அப்புறம் யார் எப்போ: டீம் லீடர் ஒவ்வொரு ஷிஃப்ட்டும், சூப்பர்வைசர் வாரம், மேனேஜர் மாசம், இதுல உங்க வசதிப்படி முன்ன பின்ன வச்சுக்கலாம். இதோட கிளம்பி லைனுக்கு வந்துடணும்.

லைன்ல மூணு ரவுண்டு. முதல்ல நான் பண்ணுவேன் கத்துக்கிறவர் பாப்பாரு, கடைசியில அவர் பண்ணுவாரு நான் வாயத் திறக்காம நிப்பேன். நடுவுல இருக்கிற ரவுண்டுதான் ட்ரெய்னிங்கே, ரெண்டு பேரும் ஒரே ஸ்டேஷன்ல ஒரே நேரத்துல தனித்தனி ஷீட் போட்டுட்டு அப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது. ஒரு தடவை டார்க் ரெஞ்ச் (போல்ட்ட குறிச்ச அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) கேள்வியில எனக்கு நோ, அவருக்கு எஸ். என்னடான்னு பாத்தா அவர் ஸ்டாண்ட்ல தொங்கிட்டு இருந்த ரெஞ்ச்சோட ஸ்டிக்கரப் பாத்திருக்காரு, நான் ஆபரேட்டர் கையில இருந்த ரெஞ்ச்சப் பாத்தேன். கையில இருந்தது பக்கத்து லைன்ல இருந்து வாங்கினது, கேலிபரேஷன் (அளவு சரியா இருக்கான்னு பாக்குற சோதனை) தேதி தாண்டியிருந்துச்சு. இத ஸ்லைடுல எப்படிங்க சொல்லிக் குடுக்குறது?

இன்னொண்ணும் பண்ணலாம், சூப்பர்வைசர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு மூணு நாலு தப்ப நாமளே வச்சுட்டுக் கண்டுபிடிக்கச் சொல்றது. பழைய ரிவிஷன் வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன், பூட்டாத ரெட் பின் (ரிஜெக்ட் பீஸ் போடுற சிவப்புப் பெட்டி), டேபிள் ஓரத்துல டேக் இல்லாம ஒரு பீஸ். அந்த பீஸுக்கு பெயின்ட் மார்க் போட்டு கணக்கு வச்சுக்கோங்க, மறந்து பெட்டிக்குள்ள போயிடுச்சுன்னா கதை கந்தல். மெஷினோட பாதுகாப்புத் தடுப்பு, சென்சார் பக்கம் இந்த விளையாட்டே வேண்டாம். ஒரு தடவை ஸ்டோர்ஸ்ல இருந்து வந்த ஒருத்தர் நான் வச்ச நாலுல ரெண்டத்தான் கண்டுபிடிச்சாரு, ஆனா நான் வைக்காத ரெண்டு தப்பையும் சேர்த்துக் கொண்டு வந்தாரு. லைன் பழகாதவங்கள தயங்காம சேர்த்துக்கோங்க, பழகின கண்ணுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.

பேசுற விதம். ஷீட்டோட போய் ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி நின்னா அவர் கை தடுமாறும். "ஏன் இப்படிப் பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சா அன்னைக்கு அவர்கிட்ட இருந்து உண்மை வராது. "அண்ணா, எல்பிஏவுக்கு வந்திருக்கேன், இந்த ஸ்டெப்ப எனக்குக் கொஞ்சம் காட்டுங்க"ன்னா காட்டுவாரு, ஃபிக்ஸ்சர் ரெண்டு நாளா லூசா இருக்குன்னு கூடவே சொல்லுவாரு. ஷீட்ல ஆபரேட்டர் பேரு எழுத கட்டமே வைக்காதீங்க. ஆபரேட்டர்களுக்கும் ஷிஃப்ட் மீட்டிங்ல 10 நிமிஷம் இத விளக்கணும், பல இடத்துல இத மறந்துடுறாங்க.

நோ வந்தா என்ன பண்றதுங்கிறதுலதான் முக்காவாசிப் பேரு சறுக்குவாங்க. "ஸ்பாட்லயே சரி பண்ணிட்டோமே, அப்புறம் எதுக்கு நோ"ன்னு எஸ் போட்டுடுவாங்க, நல்ல எண்ணத்துலதான். அப்படிப் போட்டா அதே தப்பு வாரா வாரம் வர்றது யாருக்குமே தெரியாது. சரி பண்ணினாலும் நோதான், பக்கத்துல சரி பண்ணியாச்சுன்னு எழுதணும். பீஸ பாதிக்கிற விஷயமா இருந்தா கண்ட்ரோல் பிளான்ல (எத எப்படிச் செக் பண்ணணும்னு எழுதி வச்சது) இருக்கிற ரியாக்ஷன் பிளான்படி (தப்பு வந்தா என்ன செய்யணும்னு இருக்கிறது) போகணும், கடைசியா சரியா இருந்தது எப்போன்னு பாத்து அதுல இருந்து ஓடின பீஸ் எல்லாத்தையும் ஹோல்டு பண்ணணும். இத வாயால சொல்லாம ஒரு தடவை செஞ்சே காட்டுங்க.

பிளான்ட் ஹெட்ட மத்தவங்களோட சேர்த்து உக்கார வைக்காதீங்க, தனியா அரை மணி நேரம் லைன்ல கூட்டிட்டுப் போங்க, அவருக்கும் தெரியாதத எல்லார் முன்னாடியும் கேக்க கூச்சமா இருக்கும். அப்பவே இன்னொண்ணும் சொல்லிடுங்க, முதல் ரெண்டு மாசம் நோ எண்ணிக்கை ஏறும், ஏறணும், ஏறலைன்னாதான் பயப்படணும். இத முன்னாடியே சொல்லாம விட்டா மீட்டிங்ல ஒரு சத்தம் போடுவாரு, அடுத்த வாரம் எல்லா ஷீட்டும் ஓகே ஆயிடும்.

40 பேரையும் ஒரே மாசத்துல முடிக்க நினைக்காதீங்க. ஒரு லைன், எல்லா லேயரும் சேர்த்து ஆறு பேர், நாலு வாரம் ஓட்டுங்க, அந்த ஆறு பேர்ல நல்லாப் பண்றவங்கள வச்சு அடுத்த லைனுக்குப் போங்க. நைட் ஷிஃப்ட் இருக்கான்னு நீங்க சொல்லல, இருந்தா அவங்களுக்கு நைட்லயே போய்ச் சொல்லிக் குடுங்க. பகல்ல இருக்கிற மெயின்டெனன்ஸ் ஆளு அங்க இருக்க மாட்டாரு, நோ வந்தா யாரக் கூப்பிடுறதுங்கிற பதிலே அங்க வேற.