ராத்திரி ஆயாவும் ஊதா ரப்பர் ஸ்டாம்பும்

கேள்வி: தலைப்பிரசவம், சிசேரியன். குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை ஆள் அனுப்ப ஏஜென்சியில் 1,200 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமான ரேட்தானா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: மாதம் 36,000 ஆகிறது. பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ராத்திரியில் மட்டும் நாலைந்து தடவை. தாய்ப்பால் என்றால் அத்தனைக்கும் எழுந்திருக்கப் போவது நீங்கள்தான். ஆயாம்மா குழந்தையைத் தூக்கிக் கொடுப்பார், ஏப்பம் விடவைப்பார், துணி மாற்றித் தட்டித் தூங்கவைப்பார். தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாதவளுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் முப்பது ராத்திரியும் வேண்டுமா? பத்துப் பதினைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பகலில் நாலு மணி நேரம் வர, அக்கம்பக்கத்திலேயே ஒருவரைப் பிடியுங்கள். அந்த நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

'நர்ஸ் அனுப்புகிறோம்' என்றால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வருகிறவர் ஆயா. நர்ஸ் ரேட் கொடுக்காதீர்கள். அந்த 1,200-ல் வருகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஏஜென்சி பாருங்கள். அடிமாட்டுக் கூலிக்கு வருகிறவர் மூன்றாம் நாள் நின்றுவிடுவார்.

கேள்வி: எங்கள் ஏஜென்சி ஆயாவும் அப்படித்தான் நின்றுவிட்டார்! ரிஜிஸ்ட்ரேஷன் என்று 10,000 வாங்கினார்கள். 'நாளைக்கு மாற்று ஆள்' என்று பதினோரு நாள் இழுத்தார்கள். இப்போது 'நான்-ரீஃபண்டபிள்' என்கிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளின் பிரசவத்துக்கு நானும் ஓர் ஏஜென்சியில் 8,000 கட்டினேன். ரசீது என்று கொடுத்தது கோடு போட்ட நோட்டில் கிழித்த அரைத் தாள். கம்பெனி பெயர் இருந்த சீல் மை கலைந்து படிக்கவே முடியவில்லை. அதற்குக் கீழே 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இன்னொரு ஸ்டாம்ப். அது மட்டும் ஊதா மையில் பளிச்சென்று விழுந்திருந்தது! வந்த அம்மா நாலே நாளில் நின்றார். இரண்டு மாதம் நடந்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். என் தப்பு அது. நீங்கள் விடாதீர்கள்.

அவர்கள் ஸ்டாம்ப் அடித்துவிட்டதால் அது சட்டமாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் திருப்ப மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள். பில்லே கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், ஜிம் என்று எல்லோரும் இந்த ஒரு வரியை அச்சடித்து வைத்துக்கொண்டு நம் வாயை அடைக்கிறார்கள். நாமும் ஏதோ அரசாணை மாதிரி படித்துவிட்டுத் தலையாட்டுகிறோம்.

பணம் கட்டிய தேதி, ஆள் நின்ற தேதி எல்லாம் எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 'நாளைக்கு அனுப்புகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே போடலாம். சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: கமிஷன் மிச்சம் என்று நேரடியாக ஆள் வைத்தோம். 20,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. முகவரி வாங்கவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முடியாது. வீட்டோடு நேராக வேலைக்கு வைப்பது தனிப்பட்ட பணி ஒப்பந்தம். இந்தச் சட்டத்துக்குள் வராது. வெண்டைக்காயைக்கூட முனை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். முகவரி தெரியாதவர் கையில் குழந்தையையும் இருபதாயிரத்தையும் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: குளிப்பாட்ட வருகிற ஆயா குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதுகிறார். தினம் 300 ரூபாய். அனுபவசாலியாம்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள், ஊதுவதை.

கேள்வி: கேமராவில் பார்த்தால் ராத்திரி ஆயா தூங்குகிறார். சம்பளத்தில் பிடிக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: குழந்தை சிணுங்கினால் எழுந்திருக்கிறாரா? அதை எழுதவில்லையே. எழுந்திருக்கிறார் என்றால் ஒரு பைசா பிடிக்காதீர்கள். குழந்தை தூங்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? எழுந்திருக்கவே இல்லையென்றால், பகலில் இன்னொரு வீட்டில் ட்யூட்டி பார்த்துவிட்டு வருகிறாரா என்று கேளுங்கள். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அப்படியானால் வேறு ஆள் பாருங்கள். கேமரா இருப்பதை அந்த அம்மாவிடம் சொன்னீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயாவுக்குப் பதில் தானாக ஆடும் கரன்ட் தொட்டில் வாங்கினால் செலவு மிச்சமாகுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: என் வீட்டில் ஒன்று இருக்கிறது, 9,000 ரூபாய். பேரன் அதில் மொத்தம் நாலு நாள் படுத்தான், அதுவும் அழுதுகொண்டே. பிறகு அவன் பாட்டியின் பழைய புடவைத் தூளியில்தான் தூங்கினான். இப்போது அந்தக் கரன்ட் தொட்டிலில் துண்டு காயப்போடுகிறோம்.