ஸ்டென்ட் வைத்தவர் சுடுநீர்த் தொட்டியில் இறங்கலாமா?

இதயத்தின் இரத்தக் குழாய் அடைபடாமல் வைக்கும் சிறு உலோக வலைக்குழாய்தான் ஸ்டென்ட். சுடுநீரில் இறங்கினால் அது சுருங்காது, அம்மா. உருகாது, இடம் பெயராது, சூடேறி இரத்தக் குழாயைச் சுடாது. அப்படியெல்லாம் ஆகும் என்று உங்களுக்கு வட்ஸ்அப்பில் வந்த அந்தக் குரல் பதிவைப் பேசியவருக்கு உலோகமும் தெரியவில்லை, இதயமும் தெரியவில்லை. சுடுநீரில் கொஞ்ச நேரம் இருந்தால் உடம்பின் உள்வெப்பம் சிறிதளவுதான் ஏறும். ஒரு டெங்குக் காய்ச்சல் அதைவிட அதிகமாக ஏற்றிவிடும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் டெங்கு வரத்தான் செய்கிறது; அதனால் ஸ்டென்ட் உருகி எவரும் வந்து நின்றதில்லை.

உங்கள் கடிதம் தடிமன், சொறி, எண்ணெய் முழுக்கு என்று நாலு பக்கமும் ஓடுகிறது. ஆனால் கேட்க வந்தது ஒன்றுதான். லண்டனில் இருக்கும் மகன் ஒக்டோபரில் வேல்ஸ் பக்கம் ஒரு நாட்டுப்புற வீட்டை ஒரு கிழமைக்கு எடுத்திருக்கிறார். முற்றத்தில் சுடுநீர்த் தொட்டி இருக்கிறது; ‘ஹொட் டப்’ என்பார்கள், ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து ஊறும் தொட்டி. ஆஸ்பத்திரி எந்தத் திசையில் என்றே தெரியாத அந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்த உங்கள் கணவருக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது? சுன்னாகத்தில் இருந்துகொண்டே உங்களுக்கு நித்திரை வராததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கணவருக்கு 67 வயது. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு நோவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இறங்கலாம். சுடுநீர் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அவர் எடுக்கும் குளிசையும் அதையே செய்கிறது. ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைவிட, சட்டென்று எழும்பும் நேரம்தான் கவனிக்க வேண்டியது. தலை சுற்றி, ஈரத்தரையில் விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது அந்த நேரத்தில்தான். சூட்டை 38 பாகையில் வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். வெளியே வரும்போது மகன் கை கொடுக்கட்டும். கையில் விஸ்கிக் கிளாஸுடன் தொட்டியில் இருப்பது அங்கே பலருக்கு வழக்கம். இவருக்கு அது வேண்டாம். புறப்படுவதற்கு முன் எப்போதாவது நெஞ்சு நோ வந்தால், தொட்டியை விடுங்கள், கிளினிக்கில் காட்டாமல் விமானமே ஏற வேண்டாம்.

விடுமுறை முடியும் வரை பிரஷர் குளிசையையும் அஸ்பிரினையும் நிறுத்தி வைக்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்னது யார்? கேட்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வைத்தியர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. குளிசைகள் கைப்பையில் போகட்டும், பெரிய பெட்டியில் அல்ல.

இதயத்துக்கு இவ்வளவு போதும். நீங்கள் பயப்பட மறந்த இடம் நுரையீரல்.

கடும் நியூமோனியாவை உண்டாக்கும் லீஜியனெல்லா என்று ஒரு பக்டீரியா இருக்கிறது. 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் நன்றாக வளரும். சுடுநீர்த் தொட்டியின் சூடு அந்த எல்லைக்குள்தான் வருகிறது. குளோரீன் அதைக் கொல்லும். ஆனால் சூடான தண்ணீரில் குளோரீன் வேகமாகத் தீர்ந்துபோகும், ஆட்களின் வியர்வையும் அழுக்கும் மிச்சத்தைத் தின்றுவிடும். தொட்டிக்கு அடியிலுள்ள குழாய்களில் வழுவழுப்பாகப் படியும் படலத்துக்குள் கிருமி ஒளிந்திருக்கும். பிறகு காற்றுக் குமிழியை விசையாக அடிக்கிறார்கள் அல்லவா, அப்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் எழும்பி மூச்சோடு உள்ளே போகின்றன. தண்ணீரைக் குடிக்கத் தேவையில்லை. இறங்கவும் தேவையில்லை. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்த ஒரு சுடுநீர்த் தொட்டியிலிருந்து இந்த நோய் பரவி 32 பேர் இறந்தார்கள். அவர்கள் அங்கே பூப் பார்க்கப் போனவர்கள்.

கன்னியா வெந்நீரூற்றில் எத்தனையோ தடவை குளித்தோம், ஒன்றும் வரவில்லையே என்கிறீர்கள். கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்தத் தொட்டியிலோ ஒரே தண்ணீர் நாட்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது, அதற்குள் ஆட்கள் ஊறிக்கொண்டு இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது வராது. கிருமியைச் சுவாசிக்கும் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே ஆகாது. யாருக்கு வரும் என்றால் 50 வயது தாண்டியவர், நீரிழிவு உள்ளவர், புகைத்துப் பழுதான நுரையீரல் உள்ளவர். உங்கள் கணவர் பத்து வருடமாக நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுக்கிறார். ஸ்டென்ட் வைக்கும் நாள் வரை சுருட்டுப் பிடித்தார். மூன்றும் ஒரே ஆளில் இருக்கின்றன.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய அறிகுறி இதுதான்: தொட்டியில் இறங்கிய, அல்லது அதன் அருகே இருந்த நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் கடுங்காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வருவது. சளியில்லாத வறட்டு இருமலாகத் தொடங்கலாம். தலையிடியும் உடல் நோவும் இருக்கும். சிலருக்கு வயிற்றோட்டம் வந்து ஆளைத் திசை திருப்பும். வயதானவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசத் தொடங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அதே மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி. வேல்ஸில் என்றால் அவசர அழைப்பு எண் 999. மூச்சு வாங்கவில்லை, காய்ச்சலும் இருமலும் மட்டும்தான் என்றால் அன்றைக்கே மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழைத்துச் சொல்லுங்கள். இந்த நோய் வந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் இறந்துபோகிறார். நேரத்துக்குச் சரியான மருந்து கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

சரியான மருந்து என்றேன். இப்போது உங்கள் பைக்குள் இருக்கும் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் குளிசைக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம், பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே கொடுத்தார்களாம், காய்ச்சல் வந்தால் உடனே தொடங்கலாமாம். லீஜியனெல்லா நம்முடைய உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்திருந்து பெருகும் கிருமி. அமொக்சிசிலினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் மூன்று நாள் அதைக் கொடுத்து, ‘மருந்து பிடிக்கும், பொறுங்கள்’ என்று காத்திருக்கும் அந்த மூன்று நாள்தான் ஆளைக் கொண்டுபோகும். இதற்கு வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. பெயரை எழுதினால் நாளைக்கே அதையும் வாங்கி வைப்பீர்கள், எழுதமாட்டேன். அந்தக் குளிசைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொரு சிக்கல் ஊருக்குத் திரும்பிய பிறகு வரும். நீங்கள் வந்து இறங்குவது மழை தொடங்கும் காலம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்று வந்தாலே நாங்கள் முதலில் டெங்குவைத்தான் தேடுவோம், தேடவும் வேண்டும். ஆனால் வெளிநாட்டில் சுடுநீர்த் தொட்டிக்குப் போய் வந்தவர் என்று நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டால், இங்கே எந்த வைத்தியருக்கும் லீஜியனெல்லா நினைவுக்கு வராது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் நடக்கும். கடைசியாகத் தொட்டிக்குப் போன திகதியைக் கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள். காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் நோவுக்கு வாங்கும் டைக்ளோஃபெனக் போன்றவை இரத்தக் கசிவை உண்டாக்கும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்காரரிடம் மகன் கேட்கட்டும்: ஒவ்வொரு குழுவினரும் போன பிறகு தண்ணீரை இறக்கி, கழுவி, புதிதாக நிரப்புகிறீர்களா? குளோரீனை அளந்து எழுதி வைக்கிறீர்களா? பிரிட்டனில் தொட்டியோடு வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு இது கடமை. மழுப்பினால் உங்கள் கணவர் அந்தப் பக்கமே போக வேண்டாம், கதிரை போட்டு அருகில் இருக்கவும் வேண்டாம். பரிசோதனைத் தாள் அங்கே கடைகளில் மலிவாகக் கிடைக்கும். லீட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் குளோரீன் காட்ட வேண்டும். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது என்பது ஓர் அத்தாட்சியே அல்ல. குளோரீன் மணம் மூக்கைத் துளைக்கிறது என்பதும் அத்தாட்சி அல்ல. அழுக்கோடு சேர்ந்து செயலிழந்த குளோரீன்தான் அப்படி மணக்கும்.

மிச்சக் கேள்விகள். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. எண்ணெய் குளோரீனைத் தின்றுவிடும், வீட்டுக்காரரும் உங்களைத் தேடி வருவார். முழுக்கை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள். குளிர்காற்றில் சுடுநீரில் இருந்தால் தடிமன் வராது. அது வைரஸால் வருவது. குளித்த பிறகு உடுப்பு மூடிய இடங்களில் சிவந்த பருக்கள் அரித்தால் அதுவும் தண்ணீர்க் கிருமிதான், ஆனால் அநேகமாகத் தானாகவே ஆறிவிடும். எயிட்ஸ் தண்ணீரால் பரவாது, இதை இன்னும் கேட்கிறீர்களே. மூன்று வயதுப் பேரனை இறக்க வேண்டாம். ஆள் இல்லாத நேரம் மூடி பூட்டியிருக்க வேண்டும்.

கால் செருப்புக் கழன்று போனதுகூட இவருக்குத் தெரியவில்லை என்று பகிடியாக எழுதியிருக்கிறீர்கள். இது பகிடி அல்ல. நீரிழிவு நரம்பைத் தொட்டுவிட்டது. அப்படிப்பட்ட கால் சூட்டை உணராது. தண்ணீரின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, நீங்கள் வெப்பமானி போட்டுப் பாருங்கள். பாதத்தில் சிறு புண் இருந்தாலும் தொட்டி இல்லை. ஊரில் இருக்கும்போதே அடுத்த கிளினிக்கில் கால்களைக் காட்டுங்கள்.

பயணக் காப்புறுதிப் படிவத்தில் ஸ்டென்ட்டையும் நீரிழிவையும் எழுதாமல் விட்டால் கட்டணம் குறையும் என்று மகனின் நண்பர் சொன்னாராமே. எழுதச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் அவர்கள் பணம் தரமாட்டார்கள், வெளிநாட்டவருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் தங்கும் செலவு உங்கள் ஓய்வூதியத்தில் அடங்காது.