ஆள் குறைந்தும் விடுப்பு ஒதுக்கீடு ஏறியது ஏன்?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் எங்களிடம் ஆட்கள் குறைந்தார்கள், சம்பள உயர்வு இல்லை, சில மாதம் சம்பளத்தையே குறைத்தோம். அப்படியும் ஈட்டிய விடுப்புக்கான ஒதுக்கீடு (சேர்ந்த விடுப்புக்காகப் பின்னால் கொடுக்க வேண்டியதைக் கணக்கில் காட்டும் தொகை) எகிறியது. 2022க்குப் பிறகு இறங்கியது. தணிக்கையாளர் காரணம் எழுதித் தரச் சொல்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் நாட்களின் எண்ணிக்கையையும் ஒரு நாளின் மதிப்பையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஊரடங்கில் பயணம் இல்லை, விசேஷங்கள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் விடுப்பே போடவில்லை. ஆண்டுக்கு 20 நாள் சேர்ந்து 15 நாள் கழியும் இடத்தில் 3 நாள்தான் கழிந்தது என்றால், தலைக்கு 12 நாள் கூடுதலாகத் தேங்கிவிடும். உச்சவரம்பைத் தளர்த்தினீர்களா என்றும் பாருங்கள். 60 நாளுக்கு மேல் காலாவதியாக வேண்டியதை 75 வரை வைத்துக்கொள்ள விட்டிருந்தால், அந்தத் தொகை விதி மாற்றத்தால் வந்தது. அதைக் கடந்த பணிக்காலச் செலவாக, அதாவது ஏற்கெனவே பார்த்த வேலைக்கான சலுகையின் விதி மாறியதால் வந்த செலவாக, தனி வரியில் காட்டுங்கள். வட்டி, சம்பள உயர்வு, விலகல் போன்றவை பற்றிய அனுமானங்கள் மாறியதோடு கலக்க வேண்டாம்.

அடுத்தது தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் கொடுக்கப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதம். 2020இல் பல நாடுகளில் வட்டி விகிதம் சரிந்தது. விடுப்புக் கடன் (ஊழியர்களுக்கு நிறுவனம் தர வேண்டியது) தீர சராசரியாக 8 ஆண்டு ஆகும் என்றால், விகிதம் ஒரு சதவீதப் புள்ளி இறங்கினாலே மதிப்பு சுமார் 8% ஏறும். 2022இல் வட்டி ஏறியபோது இதே கணக்கு திரும்பி வேலை செய்தது. தேங்கிய விடுப்பை எடுத்தவர்களும் பணமாக்கிக்கொண்டு விலகியவர்களும் சேர, உங்கள் ஒதுக்கீடு இறங்கியிருக்கும்.

அதிகம் தவறு நடப்பது சம்பளத் தரவில்தான். தற்காலிகமாகக் குறைத்த சம்பளத்தை அப்படியே ஆக்சுவரிக்கு (இந்தக் கடனை மதிப்பிடும் நிபுணர்) அனுப்பினால் கடன் குறைத்துக் காட்டப்படும். விடுப்புக்குப் பணம் போகும் நாளில் இருக்கப்போகும் சம்பளம்தான் கணக்கு. குறைப்பு எப்போது நீங்கும் என்பதையும் முடக்கிய உயர்வு எந்த ஆண்டு தொடங்கும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. பணியில் இருக்கும்போது எடுக்கும் விடுப்புக்கு முழுச் சம்பளம் போகிறது. விலகும்போது பணமாக்கினால் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். ஒரு நாள் முழுச் சம்பளம் 2,000, அடிப்படை 1,000 என்று வையுங்கள். 40 நாளும் விலகும்போது பணமானால், தள்ளுபடிக்கு முன் 40,000. அதில் 10 நாளை விடுப்பாக எடுத்தால் 50,000. ஆக, ‘யாரும் விடுப்பு எடுப்பதில்லை’ என்று ஊரடங்கு ஆண்டை நிரந்தர அனுமானமாக்கினால், இப்படிப்பட்ட நிறுவனத்தில் கடன் குறைவாகவே மதிப்பாகும். அந்த ஒரு ஆண்டை வைத்து விகிதம் போடாதீர்கள். முன்னும் பின்னும் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். விலகல் விகிதத்துக்கும் இதுவே பொருந்தும். பணிக்கொடையில் (குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தவருக்கு விலகும்போது தரும் தொகை) இன்னும் கவனம் தேவை: விலகுவோர் குறைந்தால் தகுதிக் காலத்தை எட்டுவோர் கூடுவார்கள்.

விளக்கம் எழுத, ஆக்சுவரியிடம் படிப்படியான கணக்கைக் கேளுங்கள். தொடக்க மதிப்பு, நடப்புப் பணிச் செலவு (இந்த ஆண்டு வேலைக்காகச் சேர்ந்தது), வட்டி, கொடுத்த தொகை, பிறகு புதிய தரவு பழைய அனுமானங்களோடு. அதன்பின் ஒரு முறைக்கு ஓர் அனுமானம் மட்டும் மாற வேண்டும். எது எவ்வளவு ஏற்றியது என்று அப்போதுதான் தெரியும். ஓராண்டுக்குள் முழுதும் தீராத நீண்டகால விடுப்புச் சலுகையில் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும், சர்வதேசக் கணக்கியல் தரநிலை 19இன்படி, அந்த ஆண்டின் லாப நட்டத்திலேயே விழும். பணிக்கொடையின் மறுமதிப்பீடோ இதர விரிவான வருமானத்துக்கு (லாப நட்டத்துக்கு வெளியே தனியாகக் காட்டும் பகுதி) போகும். இரண்டையும் ஒரே பத்தியில் விளக்கினால் தணிக்கையாளர் திருப்பி அனுப்புவார்.

தரவை அனுப்புமுன் மூன்றைச் சரிபாருங்கள். தனிமைப்படுத்தலுக்குக் கொடுத்த சிறப்பு விடுப்பு ஈட்டிய விடுப்பில் கழிந்துவிட்டதா? முன்கூட்டியே எடுத்தவர்களின் எதிர்மறை இருப்பு மற்றவர்களின் இருப்பைக் குறைக்கிறதா? விலகியும் கணக்குத் தீராதவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா? அவர்கள் மதிப்பீட்டில் வரக்கூடாது, செலுத்த வேண்டிய தொகையில் வர வேண்டும்.