முன் ஷாப்ட் இல்லாத கெப்பும் அட்டன் இறக்கமும்

தம்பி, கோத்தகிரியிலிருந்து இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்கு வருவதாகவும், உங்களுக்குத் தரப்போகிற பழைய போர் வீல் டபுள் கெப்பில் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்) முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற முன் ஷாப்டைக் கழற்றி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை ஓட்டலாமா, வாடகை எவ்வளவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வாடகையும் பள்ளிக்கூடமும் வந்து நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். வண்டி விஷயத்தை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டலாம். இங்கே அப்படி ஓடுகிற வண்டிகள் உண்டு. 2020-ல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025-ல்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குள் பழைய வண்டி விலையே எங்கேயோ போய்விட்டது, யாரும் எதையும் தூக்கிப்போடுவதில்லை. ஷாப்ட் முனையில் இருக்கிற கிராஸ் என்கிற மூட்டு தேய்ந்து சத்தம் போட்டால் ஷாப்டைக் கழற்றி ஸ்டோரில் சாத்திவிட்டுப் பின் சக்கரத்திலேயே ஓட்டுவார்கள். கார்ப்பட் போட்ட தார் ரோட்டில் வித்தியாசமே தெரியாது.

தோட்ட ரோட்டில்தான் வினை. போர் வீல் லீவரைப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். கியர் விழுந்தது என்றுதான் அதற்கு அர்த்தம், முன் சக்கரம் இழுக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இழுவை கூடுதலான லோ கியரில் போட்டு ஏறினால் இழுவை முழுக்கப் பின் அச்சின் தலையில் விழும், ஆக்சில் முறிந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. மழையில் பாசி பிடித்த கல் ரோட்டில் சின்ன கியரில் இறங்கும்போது, எஞ்சின் பிடித்து நிறுத்துவது பின் சக்கரம் இரண்டை மட்டும்தான். பாரமோ முன்னால் சாய்ந்திருக்கும். லேசான பின்பக்கம் வழுக்கி உங்களையே முந்தப் பார்க்கும். வெறும் கெப்பாக இறங்காதீர்கள், பின் அச்சுக்கு மேலே நாலு உர மூட்டையாவது கிடக்கட்டும்.

எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற ரகமாக இருந்தால் கதையே வேறு. முன் ஷாப்ட் இல்லாவிட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற நடு டிஃபரன்ஷியலை லாக் பண்ணாமல் வண்டி நகரவே நகராது. கிளட்ச் போய்விட்டது என்று கராஜில் பில் போடுவதற்கு முன்னால் அந்த லாக் லீவரைப் பாருங்கள்.

நம் ஊரிலிருந்து வருகிற சிலர் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்து போட்டோ எடுத்துவிட்டு மலையகமே தெரியும் என்பார்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவையும் ஓட்டியவன் என்று மார்தட்டுகிற கூட்டம் இன்னொன்று. நானும் பொள்ளாச்சிக்காரன், அதை ஓட்டியவன்தான். அது தார் ரோடு, தம்பி. மழைக்காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, மஸ்கெலியாப் பக்கம் தோட்ட ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

அங்கேதான் எனக்கும் ஷாப்ட் இல்லாத லேண்ட் ரோவர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆபீஸில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்துப் பழைய டிரைவர் அண்ணன்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னையும் வண்டிக்கடியில் படுக்கச் சொல்லி, முன் ஷாப்ட் மாட்ட வேண்டிய இடத்தில் மொட்டையாக நின்ற பிளாஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த வண்டியில் கை பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, பின் ஷாப்டை. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், வண்டி பள்ளத்துக்கு உருளும். “கல்லு வச்சிட்டுத்தான் ஜாக்கி” என்பார். சொல்லிவிட்டு ரொட்டியும் சம்பலும் பிரிப்பார், பாதி எனக்கு.

உங்கள் ஷாப்டையும் கிராஸ் மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். கண்டியில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். எங்களுக்கும் அங்கிருந்துதான் வந்தது. மாட்டுகிற அன்று அண்ணன் போல்ட்டுகளைப் பால்மா டின்னிலிருந்து கொட்டினார். ஒன்றைக் காணோம். ஸ்டோர் முழுக்கத் தேடினோம். கடைசியில் அது அவருடைய லயத்து வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவில் இருந்தது.