ரிவர்ஸ் போட்டால் கரகர சத்தம்: கிளட்ச் பிளேட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மேனுவல் கார் 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிளட்ச் ஹைட்ராலிக் வகை, அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. கொஞ்ச நாளாக ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். சிக்னலில் நிற்கும்போது முதல் கியரும் முரண்டு பிடிக்கிறது. கிளம்பிவிட்டால் இழுவையில் ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். இழுவையில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணில் பட்டது அந்த வரிதான். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். மேடு ஏறும்போது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறும், வண்டி மட்டும் வேகம் எடுக்காது. கருகல் வாடையும் வரும். உங்கள் வண்டிக்கு வந்திருப்பது இதற்கு நேர் எதிரான கோளாறு போலத் தெரிகிறது. கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் முழுதாக விடுபட மாட்டேன் என்கிறது.

அதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் கியர் கேபிள், லிங்கேஜ் பக்கம் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போது வழுவழுவென்று விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால் கிளட்ச்தான். அடுத்து, ஐடிலில் கிளட்சை முழுதாக மிதித்து ஐந்தாறு வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ், அதாவது கியர்களின் சுழற்சி வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. உள்ளே சுற்றும் தண்டு அடங்குவதற்குள் போட்டால் நல்ல வண்டியும் கரகரக்கும். பொறுத்துப் போட்டும் சத்தம் வந்தால் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கிளட்ச் விடுபடவில்லை என்று அர்த்தம்.

இனி காரணம். முதலில் பெடலுக்கு அடியில் இருக்கும் மேட்டை விலக்குங்கள். சிரிக்காதீர்கள். மேட் மடிந்து பெடலுக்கு அடியில் சுருண்டுகிடந்ததால் கிளட்ச் கடைசி ஓர் அங்குலம் இறங்காத வண்டியை நானே பார்த்திருக்கிறேன். மேட்டை எடுத்துப் போட்டதும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

பிறகு பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு, உடனே ரிவர்ஸ் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் அளவைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அளவு குறைந்திருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம், அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். டார்ச் அடித்து, பெடலின் மேல்முனையில் ராடு உள்ளே போகும் இடத்தை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளியே இருந்தால், அதன் ரப்பர் உறையை மெக்கானிக்கை விட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதுதான் குற்றவாளி. இந்த இரண்டையும் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. மாற்றிய பிறகு லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது.

சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே, கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். வெளியே எல்லாம் காய்ந்து, ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போனால் சந்தேகம் அங்கேதான். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒடிந்திருந்தாலும், டிஸ்க் (அதாவது கிளட்ச் பிளேட்) வளைந்திருந்தாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறக்கினால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி இறக்குவது பெரிய வேதனை. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அதில் கசிவு இருந்தால் புது டிஸ்க்கில் ஆயில் பட்டு, இன்றைக்கு இல்லாத வழுக்கல் நாளைக்கு வந்து சேரும்.