தொழிலகப் பயிற்சி: சான்றிதழுக்கா, வேலைக்கா?

கோவை வட்டாரத்துப் பம்பு, மோட்டார், உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பயிற்சிப் பிரிவைக் கவனித்து வந்தவன் என்ற முறையில், இயந்திரத் தொழிலுக்குள் மாணவர்கள் நுழையும் வழி குறித்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பத்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் (தொழிற்சாலைக்குள் பயிற்சி), முடிவில் சான்றிதழ், கட்டணம் மூவாயிரம் ரூபாய் என்று ஒரு மையம் விளம்பரம் செய்கிறது. நேர்காணலில் இது உதவுமா?
– மாணவர், சிவகங்கை

உதவாது. பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் பயிற்சி எல்லாமே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரம்) நிரல் எழுதுவதை முறையாகக் கற்றுத்தரும் நல்ல மையங்கள் இருக்கின்றன. ஆனால் நாற்பது பேரை ஒன்றாக அழைத்துச் சென்று, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்து, இயந்திரங்களின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடும் பத்து நாட்களுக்கும் தொழிற்சாலை அனுபவத்துக்கும் தொடர்பில்லை. அது சுற்றிப் பார்த்தல். அதைக் கல்லூரியே ஐ.வி. (இன்டஸ்ட்ரியல் விசிட்) என்ற பெயரில் இலவசமாகச் செய்து தருகிறது.

நேர்காணலில் சான்றிதழை நாங்கள் அநேகமாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. கடைந்து முடித்த ஒரு பம்பு தண்டையும் ஒரு மைக்ரோமீட்டரையும் (நுண்ணளவுக் கருவி) மேசையில் வைத்து, பேரிங் அமரும் இடத்தின் விட்டத்தைச் சொல்லச் சொல்வோம். பட்டறையில் நாலு வாரம் உண்மையாக நின்றவர் முதலில் அளவுமுகங்களைத் துணியால் துடைப்பார். பிறகு அவற்றை மூடி, பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தண்டைத் தொடுவார். மற்றவர் நேராகத் தண்டில் வைத்துத் திருகுவார், அதுவும் அழுத்தத்தை அளவாக வைக்கும் ராச்செட் குமிழை விட்டுவிட்டு, திம்பிள் என்ற சுழல் உருளையைப் பிடித்து இறுக்குவார். அங்கேயே பாதி முடிவு தெரிந்துவிடும். அடுத்த கேள்வி இன்னும் சிறியது. 25 மி.மீ. தண்டுக்கு வரைபடத்தில் கே6 என்ற அளவு வரம்புக் குறியீடு போட்டிருந்தால், அளவு 25.002 முதல் 25.015 வரை இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட இடைவெளி 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ.தான். நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை மட்டும் காட்டும் மைக்ரோமீட்டரை நம்பி இந்தத் தண்டு தேறியது என்று சொல்லலாமா என்று கேட்போம். பாடப்புத்தகத்தில் டாலரன்ஸ் (அளவு வரம்பு) அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள்கூட இங்கே தயங்குவதுண்டு. தன் கையால் கடைந்த தண்டு ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் போவதை ஒருமுறை பார்த்தவர் தயங்குவதில்லை.

ஆகவே அந்த மூவாயிரத்தை வைத்துக்கொண்டு, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே சிறிய நிறுவனங்களை அணுகுங்கள். பெயர் பெற்ற பெரிய ஆலையில் உங்களை எந்த இயந்திரத்தையும் தொட விடமாட்டார்கள். அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்து தரும் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பகுதிப் பட்டறைகளில் ஆள் எப்போதும் தேவைப்படுவதால், முதல் வாரம் பெருக்கச் சொன்னாலும் இரண்டாம் வாரம் அளக்கச் சொல்வார்கள். சேருவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் யாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும்? அதற்கு ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயர் பதிலாக வந்தால் அந்த இடம் நல்ல இடம்.

டிப்ளமாவில் மூன்று ஆண்டு சாதாரணப் பிரிவா, மூன்றரை ஆண்டு சாண்ட்விச் பிரிவா? அரை ஆண்டு வீண் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– பத்தாம் வகுப்பு முடித்த மாணவரின் தாய், தாராபுரம்

கிடைக்குமானால் சாண்ட்விச் பிரிவையே எடுங்கள், அம்மா. அதில் நான்காம் பருவமும் ஏழாம் பருவமும் தொழிற்சாலையில் கழிகின்றன. கூடுதலாகப் போவது அரை ஆண்டு, கிடைப்பதோ இரண்டு தனித்தனிப் பயிற்சிக் காலங்கள். இடையில் மீண்டும் வகுப்புக்குத் திரும்புவதுதான் இதன் சிறப்பு. முதல் முறை தொழிற்சாலையில் ஏன் என்று புரியாமல் செய்த வேலைக்கு, ஐந்தாம் பருவத்துப் பாடத்தில் காரணம் கிடைக்கும். கோவையில் இது புதிய சிந்தனையும் அல்ல. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம், கற்பிக்கும் இடத்திலேயே விற்பனைக்கான பொருளையும் செய்தது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு சாண்ட்விச் பட்டப்படிப்பும் உண்டு.

ஐ.டி.ஐ.யில் டர்னர் (கடைசல்) பிரிவு முடித்துவிட்டேன். பெரிய நிறுவனத்தில் அப்ரண்டிஸ் (உதவித்தொகையுடன் சட்டப்படி தொழில் பயிற்சி பெறுபவர்) இடம் வந்திருக்கிறது, உதவித்தொகை குறைவு. ஊரிலேயே ஒரு பட்டறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு தருகிறார்கள். எதில் சேர்வது?
– வாசகர், பொள்ளாச்சி

பலரும் கேட்ட கேள்வி இது. 2019-இல் திருத்தப்பட்ட அப்ரண்டிஸ் விதிகள், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாயும், டிப்ளமா முடித்தவருக்கு 8,000 ரூபாயும், பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் உதவித்தொகை என்று வரையறுத்தன. இவை அடிமட்ட அளவுகளே. நிறுவனம் கூடுதலாகத் தரலாம், பலர் தருகிறார்கள். இருந்தாலும் பட்டறைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுப்பதற்கில்லை.

வீட்டில் உடனே பணம் தேவை என்றால் பட்டறைக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. ஓராண்டு சமாளிக்க முடியும் என்றால் அப்ரண்டிஸ் இடத்தை விடாதீர்கள். காரணம், பட்டறையில் ஒரே ஜாபை (கடையும் உருப்படியை) நாளுக்கு இருநூறு முறை மாட்டிக் கழற்றுவீர்கள். இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டிங்கை வேறொருவர் செய்து வைத்திருப்பார். அப்ரண்டிஸ் பயிற்சியில் பல பிரிவுகளுக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டின் முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றால், நாடு முழுவதும் செல்லும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு, பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற ரயில்வே நிறுவனங்களில் இப்பயிற்சியை முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. “முடிச்சதும் பர்மனென்ட் பண்ணிடுவாங்க, தம்பி” என்று வாயிலில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடந்த ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று அங்கேயே வேலை செய்யும் ஒரு ஃபிட்டரிடம் கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

டிப்ளமா அப்ரண்டிஸாக இருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாக நிற்கவைக்கிறார்கள். மறுத்தால் சான்றிதழ் வராது என்று அச்சம். கையில் காயம்பட்டால் யார் பொறுப்பு?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

சட்டம் உங்களைத் தொழிலாளியாகக் கருதவில்லை, பயிற்சி பெறுபவராகவே கருதுகிறது. அதனால் சில உரிமைகள் இல்லை. ஆனால் உங்கள் சிக்கலில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இன்றி அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்யவைக்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றில் தொழிலாளிக்கு உள்ள ஏற்பாடுகள் உங்களுக்கும் உண்டு. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு 16-ஆம் பிரிவின்படி நிறுவனத்துக்கே.

முதலில் பயிற்சி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பட்டதாரி, டிப்ளமா அப்ரண்டிஸ்கள் தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தையும், ஐ.டி.ஐ. பிரிவினர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தையும் அணுகலாம். உங்கள் பயிற்சி ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். பதிவே இல்லையென்றால் உங்களை அப்ரண்டிஸ் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே மேலும் ஒரு மாதம் நிற்பதுகூட வீண்.

பதினான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்த ஒருவரைச் சட்டப்படி பயிற்சிக்கு எடுக்க முடியுமா?
– பட்டறை உரிமையாளர், கணபதி

தாராளமாக எடுக்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். அவர்கள் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை வைக்க வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். டிப்ளமா, பட்டதாரி அப்ரண்டிஸ்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், வரையறுத்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஈடுசெய்கிறது. பதிவு வேலை அலுப்பூட்டும் என்பது உண்மைதான். உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

பயிற்சி நாட்குறிப்பில் என்ன எழுதுவது? கல்லூரியில் முப்பது பக்கம் கேட்கிறார்கள்.
– டிப்ளமா மாணவி, திண்டுக்கல்

நிறுவனத்தின் வரலாற்றையும் இயந்திரங்களின் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் முப்பது பக்கம் ஒரே இரவில் நிறையும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. கல்லூரிக்கு அதைக் கொடுத்துவிட்டு, உங்களுக்கென்று ஒரு சிறு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஜாப், வரைபடத்தில் இருந்த அளவு, எந்த இயந்திரம், எந்தக் கருவியால் அளந்தீர்கள், வந்த அளவு, ஒதுக்கப்பட்டிருந்தால் காரணம் ஆகியவற்றை நாளுக்கு ஆறு வரியில் எழுதலாம். “இன்று டிரில்லிங் பிரிவைப் பார்வையிட்டேன்” என்பது குறிப்பல்ல. “12 மி.மீ. துளை 12.2 வந்தது, டிரில்லின் இரு விளிம்புகளும் சமமாகத் தீட்டப்படவில்லை என்று ஃபோர்மேன் காட்டினார்” என்பது குறிப்பு. கிரீஸ் படிந்த அந்த நோட்டை நேர்காணலுக்கு எடுத்து வாருங்கள். எதிரில் இருப்பவர் அதை வாங்கிப் படிப்பார், அதிலிருந்தே கேட்பார்.